முற்றவெளியும் பீரங்கியும்

யாழ்ப்பாணக் கோட்டை பற்றி எம்மவர்கள் எழுதியவற்றை ஒருசேர வைத்து வாசிக்கும் எவருக்கும் ஒரு விடயம் உறுத்தாமற் போகாது. அவற்றில் கோட்டை உண்டு, பீரங்கி இல்லை. மரபுரிமை பேசுவோருக்குக் கோட்டை ஒரு கட்டடக்கலை அதிசயம்: ஐங்கோண வடிவம், முருகைக்கல் மதில், 1706 இல் சிலுவை வடிவில் கட்டப்பட்டுப் பின்னர் போரில் அழிந்துபோன தேவாலயம். போர் பேசுவோருக்கு அது ஒரு வெற்றிக்கிண்ணம்: யார் எந்த ஆண்டில் கொடி ஏற்றினார்கள் என்ற பட்டியல். துயரம் பேசுவோருக்கு அது பின்னணியில் தெரியும் ஒரு கறுப்பு நிழல். இந்த மூன்று வகை எழுத்தும் தமக்குள் பகைமை பாராட்டினாலும், ஒரு மௌனத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கோட்டை ஏன் அந்த வடிவில் இருக்கிறது, அதைச் சுற்றி ஏன் அவ்வளவு வெறும் நிலம் கிடக்கிறது என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. கேட்டால் பீரங்கியைப் பற்றிப் பேச வேண்டிவரும். பீரங்கியைப் பற்றிப் பேசினால், எமக்கு நெருக்கமான சிலவற்றையும் விசாரிக்க வேண்டிவரும்.

ஆயுதங்களை அறிந்து வைத்திருப்பது ஆயுத மோகம் என்றொரு எண்ணம் எமது இலக்கிய வட்டங்களில் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகள் எறிகணையின் கீழ் வாழ்ந்த ஒரு சமூகத்தின் சிந்தனையாளர்கள், அந்த எறிகணை ஒரு படையணியில் என்ன வேலை செய்கிறது என்று அறியாமல் இருப்பதில் எந்த அறமும் இல்லை.

1

முதலில் வடிவம். 1494 இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ள்ஸ் வெண்கலப் பீரங்கிகளுடனும் இரும்புக் குண்டுகளுடனும் இத்தாலிக்குள் இறங்கியபோது, உயரத்தையே பலமாகக் கொண்டிருந்த பழைய மதில்கள் எல்லாம் ஒரே நாளில் பலவீனமாகிவிட்டன. உயரமான மதில் பீரங்கிக்கு நல்ல இலக்கு. அதற்கு இத்தாலியப் பொறியியலாளர்கள் கண்ட மறுமொழிதான் கொத்தளக் கோட்டை: மதிலைத் தாழ்த்து, தடிப்பாக்கு, உள்ளே மண் நிரப்பு, மூலைகளில் அம்புமுனை போன்ற கொத்தளங்களை நீட்டு. ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து சுடும் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் முகப்பைத் துடைத்தெடுக்கும். எதிரி ஒளிந்துகொள்ள ஒரு முழம் நிலமும் மிஞ்சக்கூடாது. நட்சத்திர வடிவம் என்று நாம் வியப்பது உண்மையில் சூட்டுக் கோடுகளின் வரைபடம். கோடுகளை முதலில் போட்டார்கள். கல்லைப் பிறகுதான் அடுக்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் 1619 இன் பின் போர்த்துக்கேயர் கட்டியது சதுரக் கோட்டை. 1658 இல் ஒல்லாந்தர் அதை மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அதன் குறையையும் கண்டுகொண்டார்கள். சதுரத்தை அழித்து ஐங்கோணம் எழுப்பினார்கள். உட்கோட்டை 1680 இல் நிறைவெய்தியது. ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினார்கள்: ஹொலண்ட், சீலண்ட், கெல்டர்லண்ட், உட்றெக்ற், ஃபிறீஸ்லண்ட். அகழிக்கு அப்பாலான புறவேலைகள் 1792 வரை இழுபட்டன. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், ஆங்கிலேயரிடம் கோட்டை எதிர்ப்பின்றிக் கைமாறியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கட்டிய சூட்டு வரைபடம், அது காத்திருந்த முற்றுகையைக் காணாமலேயே ஆள்மாறிப் போயிற்று.

நான் வாழும் நெதர்லாந்தில் நார்டன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஆறு கொத்தளங்கள், இரட்டை அகழி. 1675 இலிருந்து 1685 வரை அதைப் புதுப்பித்தார்கள். அதாவது யாழ்ப்பாணத்து ஐங்கோணம் எழுந்த அதே ஆண்டுகள், அதே பொறியியல் அறிவு. மதிலின்மேல் நின்று பார்த்தால் யாழ்ப்பாணம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் என்னை அங்கு அதிகம் ஈர்த்தது மதில் அல்ல. இந்த நாட்டின் பழைய கோட்டைகளுக்கு அருகே இன்னும் ஆங்காங்கே காணக்கிடைக்கும் மரவீடுகள். செங்கல் நாட்டில் மரவீடு ஏன்? 1853 இல் இங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வட்டங்களின் சட்டம் என்று பெயர். கோட்டையிலிருந்து 300, 600, 1000 மீற்றர் என மூன்று வட்டங்கள். முதலாவது வட்டத்துக்குள் வீடு கட்டுவதென்றால் மரத்தால் மட்டும்தான். போர் வந்தால் உடனே எரித்துத் தரைமட்டமாக்கலாம் அல்லவா! பீரங்கிக்கு முன்னால் கண் மறைக்கும் எதுவும் நிற்கக்கூடாது. இந்தச் சட்டம் 1963 வரை ஏட்டில் இருந்தது.

2

இங்கேதான் முற்றவெளிக்கு வருகிறேன்.

கோட்டைக்கும் நகரத்துக்கும் இடையில் வெட்டி வெளியாக்கப்பட்ட நிலத்துக்கு ஐரோப்பியப் படைப் பொறியியலில் எஸ்பிளனேட் என்று பெயர். யாழ்ப்பாணத்து எஸ்பிளனேட் வீதி அந்தப் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. முற்றவெளி என்று நாம் அழகாக அழைப்பது பீரங்கியின் முற்றம். அதில் ஊர்கூடித் திருவிழா நடத்த வேண்டும் என்று யாரும் அதை வெறுமையாக விட்டுவைக்கவில்லை. கொத்தளத்தில் நிற்கும் பீரங்கிக்காரனுக்கு, நகரத்திலிருந்து எவராவது கோட்டையை நோக்கி வந்தால் தெரிய வேண்டும்; தெரிந்தால் சுட வேண்டும். அதற்காக ஒதுக்கப்பட்ட நிலம் அது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சென்னையில் புனித ஜோர்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒட்டிக்கிடந்த பழைய கறுப்பர் பட்டினம், 1746 இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்த பின்னரான ஆண்டுகளில் இடித்து அகற்றப்பட்டது. சுதேசிகளின் வீடுகள் பீரங்கியின் பார்வையை மறைத்தனவாம். 1773 இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றுக்கு இப்பால் எவரும் கட்டக்கூடாது. அத்தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. வெறுமையாக்கப்பட்ட அந்த நிலத்தில்தான் 1892 இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. கொழும்புக் காலிமுகத்திடலும் ஒல்லாந்தரின் பீரங்கிகளுக்காக வெளியாக வைக்கப்பட்டது என்றே சொல்லப்படுகிறது.

பீரங்கி பின்வாங்கிய இடத்துக்குள் மக்கள் நுழைந்தார்கள். யாழ்ப்பாணத்தின் பொது வாழ்வு முழுவதும் அந்த நிலத்திலும் அதன் விளிம்பிலுமே நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1959 இல் திறக்கப்பட்டு 1981 இல் எரிக்கப்பட்ட பொதுநூலகம், வீரசிங்கம் மண்டபம், துரையப்பா விளையாட்டரங்கு, தந்தை செல்வா நினைவுத்தூண், 1974 ஜனவரி 10 இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் எல்லாமே அங்குதான். எமது கூட்டங்கள், எமது கோசங்கள், எமது சாவுகள் யாவும் ஒரு பழைய சூட்டுக்களத்தின் மேல்தான் நிகழ்ந்திருக்கின்றன. காலிமுகத்திடலில் 2022 இல் கூடியவர்களுக்கும் இது பொருந்தும். மக்கள் திரளுக்கு நகரத்தின் நடுவே இடம் கிடைக்கிறதென்றால், அந்த இடத்தை ஒருகாலத்தில் பீரங்கி பிடித்து வைத்திருந்திருக்கிறது. இதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. ஆனால் நகைமுரணைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எமது விமர்சனத்தின் பழைய வியாதி. நான் கேட்க விரும்புவது வேறு: பீரங்கி உண்மையிலேயே பின்வாங்கியதா?

3

ஒல்லாந்தரின் பீரங்கி குறி தவறாமற் சுடக்கூடிய தூரம் சில நூறு மீற்றர்கள்தான். ஆகவே முற்றவெளியும் சில நூறு மீற்றர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழலின் உட்புறம் புரி வெட்டப்பட்டது. பின்புறத்தால் குண்டு ஏற்றும் முறை வந்தது. தூரம் கிலோமீற்றர்களில் பேசப்பட்டது. 1914 ஓகஸ்டில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சூழ்ந்திருந்த பன்னிரண்டு கோட்டைகளை ஜேர்மனியரின் கனரகப் பீரங்கிகள் சில நாட்களில் உடைத்தன. லொன்சன் கோட்டையின் வெடிமருந்து அறையே வெடித்துச் சிதறியது. கோட்டையின் காலம் முடிந்துவிட்டது என்று அன்று எழுதினார்கள். கோட்டைதான் முடிந்தது. பீரங்கிக்கு வெறும் நிலம் வேண்டும் என்ற விதி முடியவில்லை, அது பெருத்தது.

இலங்கை இராணுவத்திடமும் பின்னர் விடுதலைப் புலிகளிடமும் இருந்த 130 மி.மீ. பீரங்கி ஏறத்தாழ 27 கிலோமீற்றர் எறியக்கூடியது. அந்த ஆரையில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு 2,200 சதுர கிலோமீற்றரைத் தாண்டும். யாழ் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,025. இதற்குமேல் கணக்குத் தேவையில்லை. குடாநாடு முழுவதும் முற்றவெளியாகிவிட்டது.

இதை ஓர் உருவகமாக நான் சொல்லவில்லை. 2002 டிசம்பரில், சமாதானப் பேச்சுக்கள் நடந்துகொண்டிருந்தபோது, அப்போது யாழ்ப்பாணப் படைத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா, உயர் பாதுகாப்பு வலயங்களில் மக்களை மீளக்குடியேற்றுவதானால் புலிகளின் ஆயுதக் களைவும் கூடவே நடக்க வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். புலிகள் அதை ஏற்கவில்லை. 2003 இல் இதை மீளாய்வு செய்ய அழைக்கப்பட்ட இந்தியாவின் ஓய்வுபெற்ற லெப்ரினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியாரின் அறிக்கையும், வலயங்களைத் தளர்த்துவதைப் புலிகளின் நெடுந்தூர ஆயுதங்களோடு இணைத்தே பேசியது. வலிகாமம் வடக்கில் 1990 இல் வீட்டைவிட்டு ஓடிய ஒருவர் தன் வீட்டுக்குத் திரும்பலாமா என்பதைத் தீர்மானித்தது அவருடைய காணி உறுதி அல்ல. ஒரு குழலின் நீளமும் அதில் இடும் மருந்தின் அளவும். நெதர்லாந்தின் வட்டங்களின் சட்டத்தில் 300 மீற்றர் என்று அளந்து எழுதியாவது வைத்திருந்தார்கள். எமக்கு எழுத்தே இல்லை.

புலிகளின் பீரங்கிகள் 2009 மே மாதத்துடன் இல்லாமற் போயின. நிலம் அன்றே திரும்பியதா? இல்லை. அதன்பின் ஆண்டுக்கணக்காக, துண்டு துண்டாக, போராட்டம் நடத்தி நடத்தித்தான் விடுவிக்கப்பட்டது. பீரங்கியைக் காரணம் காட்டி எடுத்த நிலத்தைப் பீரங்கி போன பிறகும் வைத்திருக்க வேறு காரணங்கள் கிடைத்தன. வெறுமையாக்கப்பட்ட நிலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு: வெறுமையே அதன் உரிமையாகிவிடும்.

4

தூரம் கூடியபோது இன்னொன்றும் நடந்தது. கொத்தளத்தில் நின்றவன் தான் சுடுபவனைக் கண்டான். இன்றைய ஆட்லறிப் படைப்பிரிவில் சுடுபவன் எதையும் காண்பதில்லை. 1904–05 இன் ரஷ்ய–யப்பானியப் போரையும் முதலாம் உலகப்போரையும் அடுத்து மறைவிலிருந்து சுடும் முறையே பொதுவழக்காயிற்று. முன்னரங்கில் நோக்குநர் ஒருவர் இடத்தைச் சொல்வார். பின்னால் ஒருவர் வரைபடத்தில் கணக்குப் பார்த்துக் கோணத்தையும் திசையையும் எண்களாக்குவார். பீரங்கி அணியினர் எண்களின்படி குழலைத் திருப்புவார்கள். குண்டை ஏற்றுபவர் வேறு. கயிற்றை இழுப்பவர் வேறு. சாவு விழும் இடத்தில் இவர்களில் எவரும் இல்லை. கொலை பல கைகளுக்குப் பங்கிடப்பட்டு, எந்தக் கையிலும் கறை தெரியாமற் போகும் ஏற்பாடு இது. காலாட்படைதான் நிலத்தைப் பிடிக்கிறது. ஆட்லறி நிலத்தைப் பிடிப்பதில்லை. அங்கே எவரும் தலைநிமிர முடியாதபடி செய்கிறது. படையணிக்குள் அதன் வேலை அதுதான்.

இப்போது எமது மொழியைக் கவனியுங்கள். 1985–87 காலத்தில் படையினர் முகாம்களுக்குள் முடங்கியிருந்து கோட்டையிலிருந்து நகருக்குள் எறிகணை வீசியபோது, சனங்கள் 'கோட்டைக்குள்ள இருந்து அடிக்கிறான்' என்றார்கள். அதில் இடம் இருந்தது. ஓர் 'அவன்' இருந்தான். பலாலி, ஆனையிறவு, பூநகரி என்று தூரம் கூடக் கூட, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமற் போகப் போக, வாக்கியம் தேய்ந்தது. 'ஷெல் விழுகுது.' மழை விழுவதுபோல, பனம்பழம் விழுவதுபோல. எழுவாய் எறிகணையே ஆகிவிட்டது. பங்கருக்குள் ஒடுங்கியிருக்கும் தாய்க்கு இதைவிட நீண்ட வாக்கியம் தேவையில்லை. அவருடைய மொழியில் குற்றம் காண நான் யார்? ஆனால் பாரிசிலும் ரொறன்ரோவிலும் பேர்லினிலும் இருந்து எழுதும் எமது கவிதைகளும் கதைகளும் அதே வாக்கியத்தை ஏன் திரும்பத் திரும்ப எழுதுகின்றன? எறிகணையால் இறந்தவர் எமது இலக்கியத்தில் ஏராளம். எறிகணையை ஏற்றியவர், கணக்குப் பார்த்தவர், இடம் சொன்னவர் எங்கே? சிங்களச் சிப்பாயாக ஒருவர், தமிழ்ப் போராளியாக ஒருவர், சொந்தப் பெயரோடு எமது புனைவுக்குள் வந்து அந்தக் கயிற்றை இழுப்பது மிக அரிது. பாதிப்பை மட்டும் எழுதும் இலக்கியம், தான் அறியாமலேயே பீரங்கியின் ஒழுங்கை ஏற்றுக்கொள்கிறது. ஆட்லறி விரும்புவதும் அதைத்தானே: தன்னை யாரும் காணக்கூடாது.

5

இனி எமக்கு நெருக்கமானது.

1990 இல் கோட்டை முற்றுகையில் புலிகள் பயன்படுத்தியது சொந்தத் தயாரிப்பான 'பசீலன் 2000' மோட்டார். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த அம்முற்றுகையின் முடிவில், செப்ரெம்பரில், படையினர் கோட்டையைக் கைவிட்டனர். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது இரண்டு 122 மி.மீ. பீரங்கிகள் புலிகளின் கைக்கு வந்தன. புலம்பெயர் நாடுகளில் அன்று எழுந்த ஆரவாரத்தை மறந்தவர் இருக்கமாட்டார்கள். 'எங்களிட்டையும் ஆட்லறி இருக்கு' என்ற வாக்கியத்தில் ஒரு நூற்றாண்டின் தாழ்வுணர்ச்சி தீர்ந்ததுபோல் இருந்தது. பின்னர் கிட்டு பீரங்கிப் படையணி உருவானது. 2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவு கைவிடப்பட்டது. அந்தப் பெருந்தளத்தை வீழ்த்தியதில் நேரடி மோதலைவிட, விநியோகப் பாதை இத்தாவிலில் அறுக்கப்பட்டதற்கும் இயக்கச்சியும் அதன் தண்ணீரும் கைநழுவியதற்கும் பெரும் பங்குண்டு. சூட்டுவலு குறைந்ததால் அத்தளம் விழவில்லை. ஆனால் எமது நினைவில் நின்றது கைப்பற்றிய பீரங்கிகளின் காட்சிதான்.

இதற்கு ஒரு வலுவான மறுமொழி உண்டு. அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. படைவலுச் சமநிலைதான் 2002 பெப்ரவரி உடன்பாட்டைக் கொண்டுவந்தது, ஆட்லறி இல்லாவிட்டால் கொழும்பு மேசைக்கு வந்திருக்காது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எம்மீது மட்டும் விழுந்துகொண்டிருந்த ஒன்றை அவர்கள்மீதும் விழ வைக்கும்போது பேச்சுக்கு வழி திறக்கலாம். ஆனால் அந்த வாதம் விலையைச் சொல்வதில்லை. துப்பாக்கியோடு ஒருவர் ஊருக்குள் கரைந்துபோகலாம். பல தொன் எடையுள்ள பீரங்கி கரையாது. அதற்கு இழுவை வண்டி வேண்டும், பாதை வேண்டும், குண்டுக்குக் கிடங்கு வேண்டும், மறைப்புக்குத் தோப்பு வேண்டும், பின்தளம் வேண்டும். பீரங்கியை வைத்திருக்கும் இயக்கம் நிலத்தை விட்டு நகர முடியாது. அது தானே ஒரு கோட்டையாகிவிடுகிறது. கோட்டையானால் அதற்கும் மதில் வேண்டும். 2009 இல் அந்த மதில் எது?

ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை இரண்டையும் சொல்கிறது. இறுதிக்கட்டத்தில் பொதுமக்கள் சாவுகளில் பெரும்பாலானவை அரச படையின் எறிகணைகளால் நிகழ்ந்தன, அரசு தானே அறிவித்த வலயங்களுக்குள் தானே எறிகணை வீசியது, மருத்துவமனைகளும் தப்பவில்லை. புலிகள், இடம்பெயர்ந்த மக்கள் செறிந்திருந்த இடங்களுக்கு அண்மையிலிருந்து ஆட்லறியை இயக்கினார்கள். மக்களை வெளியேற விடவில்லை. இரண்டையும் தராசில் சமமாக வைக்க நான் சொல்லவில்லை. முதலாவது குற்றத்தின் பருமன் மிகப் பெரிது. அதைச் செய்தது ஓர் அரசு. ஆனால் முதலாவது வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடும் எமது பழக்கம் பற்றி இந்த இதழிலாவது பேச வேண்டும். ஒல்லாந்தர் மக்களை அகற்றிவிட்டுப் பீரங்கிக்கு வெளி எடுத்தார்கள். முள்ளிவாய்க்காலில் மக்களை நடுவே வைத்து, எல்லாப் பக்கமும் பீரங்கிகள் நின்றன. முற்றவெளி உள்வெளியாகத் திரும்பியது.

எமது சொல் ஒன்றும் இதற்கு உடந்தையாக இருந்தது. 1990 இலிருந்து மக்களை உள்ளே விடாத நிலத்துக்குத் தமிழில் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்றோம். 2009 இல் மக்களை உள்ளே வரச்சொன்ன நிலத்துக்குப் 'பாதுகாப்பு வலயம்' என்றோம். இராணுவத்தின் பாதுகாப்பும் மக்களின் பாதுகாப்பும் ஒரே சொல்லாகின. மொழிபெயர்ப்பாளர்களின் கவனயீனம் என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் இரண்டாவது வலயம் ஆட்லறிக்காரரின் அகராதியிலிருந்தே வந்தது: வரைபடத்தில் சுடாமல் விடவேண்டிய இடத்தைக் குறிப்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் கோடு அது. சுடுபவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கோட்டை, அடைக்கலம் என்று நம்பி எமது மக்கள் அதற்குள் போனார்கள்.

கோட்டை நெதர்லாந்து அரசின் உதவியோடும் புனரமைக்கப்பட்டு வருகிறது. நல்லது. இடிந்த கல்லை எடுத்து வைப்பதற்கு நான் எதிரி அல்லன். ஆனால் அங்கே போகும் இளையவர்களுக்கு ஐங்கோணத்தின் அழகை மட்டும் காட்டாமல், ஒரு கொத்தளத்தில் ஏற்றி, நகரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்கள் நிற்பது பீரங்கிக்காரன் நின்ற இடம். கண்ணெதிரே தெரியும் வெளி அவன் கேட்டு வாங்கியது. அங்கிருந்து வடக்கே பலாலி வரைக்கும் தெற்கே பூநகரி வரைக்கும் அந்த வெளி எப்படி நீண்டது, அதை நீட்டியவர்களில் எவரெவர் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எமது பெயரையும் விடாமல். எழுதுபவர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது: 'ஷெல் விழுந்தது' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை நின்று, அந்த வாக்கியத்துக்கு ஓர் எழுவாயைத் தேடுங்கள். கிடைக்கும் பெயர் எமக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம்.